பின்னால் நின்று கேட்கிறவர்

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இப்போது வகுப்புக்கு வகுப்பு கேமரா மாட்டியிருக்கிறார்கள். கரும்பலகைக்கு நேர் எதிரே, கடைசி பெஞ்சுக்கு மேலே, பின்சுவரில். கூடவே மைக்கும் ஸ்பீக்கரும். தலைமையாசிரியர் தன் அறையில் உட்கார்ந்தபடியே எந்த வகுப்பை வேண்டுமானாலும் பார்க்கலாம், கேட்கலாம், பேசலாம். என் இடத்தில் இப்போது ஆங்கிலம் எடுக்கும் நித்யா போனில் சொன்னாள். பத்தாம் வகுப்புத் திருப்புதலில் ஒரு பெண்ணிடம் சிமிலிக்கு உதாரணம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். ஸ்பீக்கரில் குரல் வந்ததாம்: "பதில் வரலை பாருங்க. அடுத்த பொண்ணைக் கேளுங்க."

"கை நடுங்கிடுச்சு மிஸ். சாக்பீஸ் கீழ விழுந்துடுச்சு. பசங்க எல்லாம் பாத்துட்டாங்க. நீங்கள்லாம் எப்படி மிஸ் பயமில்லாம வேலை பார்த்தீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பயமில்லாமல் வேலை பார்த்தேன் என்று அவளுக்கு யார் சொன்னது? ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு, "அஞ்சா நெஞ்சம் கொண்ட ஹேமலதா மிஸ்" என்று எவனோ மைக்கில் பேசினான். பொய். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடங்களில் தினமும் காலையில் பயந்துகொண்டேதான் பள்ளி வாசலைத் தாண்டுவேன். அதைத்தான் எழுதப்போகிறேன். நித்யாவுக்கும், அவளைப் போலப் புதிதாக வந்திருப்பவர்களுக்கும்.

நான் பி.எட். படித்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பாடத்திட்டம் எழுதினேன், சார்ட் ஒட்டினேன், பாஸ் ஆனேன். கோடம்பாக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியிலும் தி.நகரில் ஒரு டுடோரியலிலும் சில வருடம் தொண்டை கிழியக் கத்தினேன். பிறகுதான் மயிலாப்பூரில் இந்த அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்தது.

இடம் கிடைத்தது என்றால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கல்வித்துறையிலிருந்து நியமன ஒப்புதல் வர வேண்டும். வரும்வரை நீங்கள் ஆசிரியரும் இல்லை, வெளியாளும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லலாம். ஒப்புதல் கேட்கும் கோப்பு தலைமையாசிரியர் மேஜையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அப்போது தாமோதரன் சார் தலைமையாசிரியர். வராந்தாவில் என்னைப் பார்த்தால் நின்று, "உங்க ஃபைல் இருக்கு டீச்சர்" என்பார். போயிருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இருக்கிறது என்பார். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

தாமோதரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை. எல்லாப் பிள்ளைகளையும் "அம்மா" போட்டுத்தான் கூப்பிடுவார். சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். எப்போதும் சளித் தொந்தரவு, அதனால் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்துக்கொண்டு வருவார். ரப்பர் செருப்பு. நடந்தால் சத்தமே வராது. அவர் வருவதைத் தைல வாசனைதான் சொல்லும். வாசனை வந்துவிட்டால் அவரும் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் வகுப்பறைகளுக்கு முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். அவர் பின்வாசல் வழியாகத்தான் வருவார். வந்து ஒரு பெண்ணின் பின்னால் நிற்பார். பெஞ்சின் விளிம்பில் இரண்டு விரலை வைப்பார். "எழுந்திரும்மா. திரும்பாத. பலகையப் பாரு" என்பார். பிறகு கேள்வி. கேள்வி கேட்டபின் காத்திருப்பார். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பார். பதில் வராவிட்டால் திட்ட மாட்டார், இன்னொரு முறை கேட்கவும் மாட்டார். இதற்குப் பள்ளியில் 'ரவுண்டு' என்று பெயர்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், பொதுத்தேர்வுக்குப் பெயர்கள் போவதற்கு முன்னால், பத்தாம் வகுப்புக்கு ரவுண்டு வரும். ரவுண்டில் பதில் சொல்லாமல் நின்ற பெண்ணின் பெற்றோருக்கு ஆள் போகும். "உங்க பொண்ணுக்கு டி.சி. வாங்கிக்குங்க. பிரைவேட்டா எழுதட்டும். அவளுக்கே நல்லது." எல்லாம் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுவதற்காக. தோற்றுப்போகும் என்று சந்தேகப்படும் பிள்ளையை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டால் பள்ளியில் யாரும் தோற்க மாட்டார்கள் அல்லவா? இப்படி வெளியே போன பெண்களில் பிரைவேட்டாக எழுதியவள் யாரையும் நான் பார்த்ததில்லை. தி.நகரில் துணிக்கடைகளில் பார்த்திருக்கிறேன். புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டு, உட்கார அனுமதி இல்லாமல் நின்றுகொண்டிருப்பார்கள். "மிஸ், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். என்னால் அந்தக் கடைகளில் நிற்க முடியாது.

தாமோதரன் சாருக்கும் பயம் உண்டு. ரிசல்ட் வருகிற அன்று தாளாளர் வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். சார் ஒவ்வொரு பெயராகப் படிப்பார். ஒரு வருடம் நான் கதவருகில் நின்று பார்த்தேன். அவர் கழுத்துப் பட்டை முழுக்க நனைந்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. தன் பிடரியில் உணர்ந்ததை இந்த ஆள் பச்சைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாரே என்று.

இனி வேலையைப் பற்றி. திருப்புதல் காலத்தில் புதுப் பாடம் கிடையாது. நடத்தியதையே மறுபடி நடத்த வேண்டும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பெயர்களாகத்தான் இருக்கும். நௌன், வெர்ப், பாஸிவ் வாய்ஸ் என்று இலக்கணப் பெயர்கள். பிளாட், தீம், நரேட்டர் என்று கதைப் பகுதிக்கான பெயர்கள். சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், ஹைபர்போல், ஐரனி என்று செய்யுளுக்கான பெயர்கள். பிள்ளைகள் இவற்றை மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள். ஒரு சொல் விட்டுப்போனால் மொத்தமும் போய்விடும். ஆக்சிமோரான் என்ற பெயரைப் பலகையில் பார்த்ததும் அழ ஆரம்பித்த பெண் உண்டு.

இதில் எனக்கு ஆத்திரம் எங்கே வரும் என்றால், இதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். முந்தின பீரியடில் தமிழ் ஐயா உவமை, உருவகம், உயர்வு நவிற்சி என்று நடத்திவிட்டுப் போயிருப்பார். அதே பிள்ளை, அதே பெஞ்ச். சிமிலியும் உவமையும் ஒன்று என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ் ஆசிரியர்கள் ஒரு மேஜை, ஆங்கில ஆசிரியர்கள் ஒரு மேஜை. நானாவது சொல்லலாம் என்றால் தாமோதரன் சார் உத்தரவு, ஆங்கில வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல் கேட்கக் கூடாது.

நான் சொன்னேன். பயந்து பயந்து, பின்வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

என் முறை இது. பலகையை மூன்றாகப் பிரிப்பேன். இலக்கணம், கதை, செய்யுள். முதலில் உதாரண வாக்கியம் மட்டும் எழுதுவேன். பெயரை எழுத மாட்டேன். வாக்கியத்தில் என்ன நடக்கிறது என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். "பொருளை ஆளு மாதிரி பேசறாங்க மிஸ்." "இருக்கறத விட ஜாஸ்தியா சொல்றாங்க மிஸ்." அதற்குப் பிறகுதான் பெயர் வரும். மறுநாள் பெயர்களை அழித்துவிட்டு வாக்கியங்களை விட்டுவைப்பேன். அதற்கு மறுநாள் வாக்கியங்களை அழித்துவிட்டுப் பெயர்களை மட்டும் எழுதுவேன். வாக்கியத்தை அவர்கள் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.

சொந்தமாக என்றதும் முழித்தார்கள். "வீட்டுல திட்டு வாங்குவீங்கல்ல? இன்னிக்கு வாங்கற திட்டை அப்படியே கொண்டுவாங்க" என்றேன். மறுநாள் வகுப்பு ரகளை. 'எரும மாடு மாதிரி நிக்கிறியே' என்று ஒருத்தி கொண்டுவந்தாள், சிமிலி. இன்னொருத்தி வீட்டில் 'மாதிரி' எல்லாம் கிடையாது, நேராக 'எரும' தான். மெட்டஃபர். 'நீ படிச்சுக் கிழிச்சதெல்லாம் போதும்' என்பது ஐரனி. 'ஆயிரம் வாட்டி கூப்ட்டாச்சு' என்பது ஹைபர்போல். அந்தப் பெயர்கள் அதற்குப் பிறகு அவர்களுக்கு மறக்கவே இல்லை.

கடைசிக்கு முந்தின பெஞ்சிலிருந்து ஒரு குரல், "மிஸ், எங்கம்மா, 'பொட்டி பசில கீது, கரி போடு'ன்னும். அது திட்டு இல்ல மிஸ். ஆனா இஸ்திரிப் பொட்டிக்குப் பசிக்குமா?" என்றது.

அவள்தான் கௌரி. மந்தைவெளியில் வாராவதிப் பாலத்துக்குப் பக்கத்துக் குடிசை மாற்று வாரிய வீடு. அம்மா செல்வி ஒரு தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தாள். பெர்சானிஃபிகேஷனுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குப் பிறகு எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை. கௌரி பெரிய படிப்பாளி இல்லை. எழுத்துப்பிழை நிறைய வரும். ஆனால் புரிந்துகொள்வாள். என் மேஜைக்கு எதிரே நின்றால் எதைக் கேட்டாலும் சொல்வாள்.

ரவுண்டு வந்தது. தைல வாசனை அடித்ததும் வகுப்பில் எல்லாக் கழுத்தும் விறைத்தது. சார் இரண்டு மூன்று பேரைக் கேட்டுவிட்டு கௌரி பின்னால் வந்து நின்றார்.

"எழுந்திரும்மா. திரும்பாத. நரேட்டர்னா யாரு?"

சுலபமான கேள்வி. கதையைச் சொல்கிற ஆள். முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். இப்போது அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பிடித்திருந்த கையில் பிளாஸ்டிக் வளையல் மரத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. சார் காத்திருந்தார். நானும் நின்றேன். சொல்லிக் கொடுக்கவும் முடியாது. அவர் அந்தப் பிள்ளையின் பின்னால் நின்று என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரவுண்டில் பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியாது. ஆசிரியரின் முகம் தெரியும். எனக்கு அன்றுதான் உறைத்தது, இது எனக்கும் நடக்கிற ரவுண்டு என்று.

"உக்காரும்மா" என்றார் கடைசியில். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "அவங்க அம்மாவை வரச்சொல்லுங்க டீச்சர். உங்க ஃபைல் வேற இருக்கு" என்றார். அந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொன்னார்.

கணக்கு டீச்சர் பத்மா ஸ்டாஃப் ரூமில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "உனக்கு அப்ரூவல் வந்துடுத்தா? வரலையோன்னோ? அப்போ வாயை மூடிண்டு இரு. ஊர்ல உள்ள பொண்ணுகளையெல்லாம் நீ ஒருத்தி தூக்கி நிறுத்தப் போறியா? இந்தா, புளியோதரை எடுத்துக்கோ."

"உன் புளியோதரையை நீயே தின்னு" என்றேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் செல்வியைப் பார்க்கப் போனேன். வரச்சொல்லத்தான் போனேன். வண்டியில் பெட்டி சூடாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வா மிஸ். இன்னா, எதுனா பண்ட்டாளா?"

"ஒண்ணும் பண்ணலை. கேள்வி கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறா."

"உன்னாண்ட தான் நல்லா பேசுதே? ஊட்டுக்கு வந்தா உன் பேச்சுதான் பேசிகினு கீது."

"என்கிட்ட பேசறா. பெரிய சார் பின்னால நின்னு கேட்டா வாயே திறக்கலை."

செல்வி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பின்னாலயா?" என்றாள். "அவ அப்பன் பின்னாடி வந்துதான் அடிப்பான் மிஸ். முன்னாடி வரமாட்டான் பேமானி. குடிச்சிட்டு, சத்தம் போடாம வந்து. அவன் போய்ச் சேந்து வருசமாச்சு. இன்னும் யாராச்சும் பின்னாடி வந்தா அதுக்கு ஒடம்பு கல்லாட்டம் ஆய்டும். நானே கொரல் குடுத்துகினுதான் கிட்ட போவேன்." பிறகு, "ஸ்கூல விட்டு அனுப்பிடுவாங்களா மிஸ்? துணிக்கடையாண்ட ஆள் கேக்கறான். நான்தான் பத்தாவது முடிக்கட்டும்னு தள்ளிகினு வரேன்" என்றாள்.

அவளை வரச்சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் சார் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். "முன்னால நின்னு ஒரு தடவை கேளுங்க சார். பதில் சொல்லுவா."

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு அதே மெல்லிய குரலில், "பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் எங்க நடப்பாரு டீச்சர்? முன்னாலயா, பின்னாலயா? பறக்கும் படை வந்தா எங்க நிக்கும்? அங்க போய் அவ கல்லா நின்னா நான் என்ன செய்யறது, நீங்க என்ன செய்யறது?" என்றார்.

அந்த ஆள் சொன்னது உண்மை. என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். அவர் அநியாயக்காரராக மட்டும் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"ஒரு வாரம் குடுங்க சார். மறுபடி ரவுண்டு வாங்க."

"வரேன். அப்பவும் இப்படியேன்னா அம்மாவை வரச்சொல்லிடணும்."

அந்த வாரம் நான் பலகைக்கு முன்னால் அநேகமாக நிற்கவே இல்லை. வகுப்புக்குப் பின்னால் நின்றே திருப்புதல் நடத்தினேன். முதலில் குரல் கொடுத்துக்கொண்டே நடப்பேன். "ஜன்னல்கிட்ட இருக்கேன். இப்ப உங்க பெஞ்சுகிட்ட வரேன். கௌரி, உன் பின்னாலதான் நிக்கறேன், நான்தான்." அவள் தோள் தூக்கிக்கொள்ளும். நான் கேள்வி கேட்காமல் தாண்டிப் போய்விடுவேன். நாளாக ஆக, குரலைக் குறைத்து நடந்தேன். உடனே தேறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் தேறுவாள். மறுநாள் மறுபடி வளையல் மரத்தில் தட்டும். எனக்கு இரவெல்லாம் அந்தச் சத்தம் காதில் இருக்கும்.

ஒரு நாள் வெறுத்துப்போய், "நீ வாடி பின்னால. நீ நின்னு கேளு" என்றேன். நான் பலகைப் பக்கம் போனேன். எல்லாப் பெண்களும் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, கௌரி அவர்கள் பின்னால் போய் நின்றாள். பெரிய சார் மாதிரியே பெஞ்சில் இரண்டு விரலை வைத்து, "எழுந்திரும்மா. திரும்பாத. மெட்டஃபர்னா இன்னா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் பின்வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று கேட்டுக்கொண்டே வந்தாள். பாதியில் நின்றுவிட்டாள். ஏதோ கண்டுபிடித்த மாதிரி என்னைப் பார்த்தாள்.

"மிஸ், இங்க நின்னா ஒண்ணுமே தெரியலை மிஸ்."

"என்ன தெரியலை?"

"மூஞ்சி தெரியலை. ஜடையும் ரிப்பனும்தான் தெரியுது. இவ நாக்கத் துருத்தினாகூட எனக்குத் தெரியாது."

முன்னால் நின்ற பெண் உடனே நாக்கைத் துருத்தினாள். நான் பார்த்தேன், கௌரி பார்க்கவில்லை. "துருத்திட்டாளா மிஸ்?" என்று கேட்டாள். "உன் வேலையப் பாரு" என்றேன்.

சார் சொன்ன நாளில் வந்தார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் அடிப்பது மாதிரி இருந்தது. மற்றப் பெண்களைக் கேட்கவே இல்லை. பின்வாசலிலிருந்து நேராக கௌரி பின்னால் வந்து நின்றார்.

"எழுந்திரும்மா. திரும்பாத."

எழுந்தாள். தோள் தூக்கிக்கொண்டது. வளையல் தட்ட ஆரம்பித்தது.

"பெர்சானிஃபிகேஷன். டெஃபனிஷன், ஒரு எக்ஸாம்பிள்."

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சார் காத்திருந்தார், என்னைப் பார்த்தபடி. முடிந்தது என்று நினைத்தேன். துணிக்கடையில் புடவைகளுக்கு நடுவே அவள் நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது கௌரி கன்னத்தை இரண்டு பக்கமும் உப்பினாள். மூக்கை நெளித்தாள். இரண்டு கண்ணையும் மூக்குக்கு நேரே கொண்டுவந்து, நாக்கை முழுசாக வெளியே நீட்டி, தலைமையாசிரியருக்கு ஒரு அழகு காட்டினாள். நான் ஒருத்திதான் அதைப் பார்த்தேன். அவருக்கு முன்னால் இருந்தது ஒரு ஜடை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகம் கொஞ்சம் அசைந்தால் போதும், அவர் எட்டிப் பார்ப்பார். அதோடு அவளும் தொலைந்தாள், நானும் தொலைந்தேன். கன்னத்தின் உள்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டேன். ரத்தம் கரித்தது.

வளையல் சத்தம் நின்றது. நாக்கு உள்ளே போனது. அப்புறம் குரல் வந்தது. மெதுவாக, ஆங்கிலத்தில், உயிரில்லாத பொருளை மனிதனைப் போலப் பேசுவது பெர்சானிஃபிகேஷன் என்று சொன்னாள். உதாரணம், இஸ்திரிப் பெட்டி பசியாக இருக்கிறது, அது கரி தின்கிறது.

சார் புருவத்தைச் சுருக்கினார். "இது எந்தப் பாடத்துல வருது டீச்சர்?"

"பாடத்துல இல்ல சார். பரீட்சைல புதுசாத்தான் கேப்பாங்க. புதுசா சொல்லப் பழக்கியிருக்கேன்." என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

"உங்க முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"காய்ச்சல் சார்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நான் பார்த்த வரையில் முதல் தடவையாக, பெஞ்சைச் சுற்றி முன்பக்கம் வந்தார். கௌரியின் முகத்தை நேராகப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்த பலகை மாதிரி இருந்தது.

"ஹைபர்போல் சொல்லு பாப்போம்."

அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள், என் அம்மா என்னை ஆயிரம் தடவை கூப்பிட்டாள் என்று. சார் "உக்காரும்மா" என்றார். முன்வாசல் வழியாக வெளியே போனார். தைல வாசனை போகும்வரை யாரும் மூச்சு விடவில்லை.

பொதுத்தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் போனது. அதற்காக எனக்கு நிம்மதி வந்துவிடவில்லை. சார் அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உங்க ஃபைல் இருக்கு டீச்சர்" என்பதை மட்டும் விடவில்லை. அவர் சொன்ன அந்தப் பரீட்சை ஹாலும் என் தலைக்குள்ளேயே இருந்தது.

ஆங்கிலப் பரீட்சை அன்று, என் பாடம் என்பதால், எனக்கு மேற்பார்வை வேலை கிடையாது. கௌரிக்கு விழுந்திருந்த தேர்வு மையத்தின் வாசலுக்குப் போனேன். செல்வி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். கையில் கரி. வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"இன்னா மிஸ் நீ வந்துகீற? அப்போ எதுவோ கீது."

"ஒண்ணும் இல்லை. சும்மா வந்தேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பறக்கும் படையின் ஜீப் உள்ளே போனது. மதில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜீப் வெளியே வர வெகுநேரம் ஆனது.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் பள்ளிப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். கௌரி வரவில்லை. கூட்டம் குறைந்தது. காவலாளி ஒரு பக்கக் கதவை மூடினார். செல்வி என் கையைப் பிடித்தாள். கரி என் கையிலும் ஒட்டியது.

கடைசியில் வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள்.

"ஏண்டி இவ்வளவு நேரம்?" என்று கத்திவிட்டேன்.

"அடிஷனல் ஷீட் வாங்கினேன் மிஸ். நூல் கட்டறப்ப அறுந்துடுச்சு. வேற நூல் குடுத்தாங்க."

"பின்னால வந்தாங்களா?"

"வந்தாங்க மிஸ். நாலஞ்சு பேரு. எம்பின்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க."

"நீ என்னடி பண்ணினே?"

அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கன்னத்தை உப்பி, கண்ணை மூக்குக்கு நேரே கொண்டுவந்தாள்.

"த்தூ, இன்னாடி மூஞ்சி இது, மிஸ்ஸு முன்னாடி?" என்று செல்வி அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். எதிரே நின்றுதான் தட்டினாள்.

கௌரி பாஸ் ஆனாள். பெரிய மார்க் இல்லை. என் ஒப்புதலும் ஒரு நாள் வந்தது. அது வந்த பிறகும் தைல வாசனை அடித்தால் நான் பின்வாசலைப் பார்ப்பது நிற்கவில்லை.

நித்யா, உன் கேமரா பின்சுவரில் இருக்கிறது. பிள்ளைகளின் ஜடையும் ரிப்பனும்தான் அதற்குத் தெரியும். அவர்கள் முகம் உனக்கு மட்டும்தான் தெரியும். உன் முகம் அதற்குத் தெரியும், அதை நம்மால் மாற்ற முடியாது. அந்தப் பெண் வாய் திறக்கும்வரை காத்துக்கொண்டு நில். ஸ்பீக்கர் என்ன சொன்னாலும் அடுத்த பெண்ணைக் கேட்காதே. பயமாகத்தான் இருக்கும். கை நடுங்கினால் சாக்பீஸை மேஜையில் வைத்துவிடு.